பந்து போகும் வரை பேசாதிருந்தவள்

என் மகள் நிவேதாவுக்கு முதலில் வந்தது தாகம்தான். பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் முதல் பீரியட் முடிவதற்குள் காலியாகிவிடும். விருத்தாசலத்து வெயிலில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது என்று விட்டுவிட்டோம். மெலிந்தாள், வளர்கிற பிள்ளை என்றோம். ஒருநாள் வாந்தியெடுத்து, ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் (உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போவது) என்றார் டாக்டரம்மா. இன்சுலின் என்பது நாம் சாப்பிடும் சர்க்கரையை உடம்பு பயன்படுத்த உதவும் சுரப்பு.

"நான் மிட்டாய் நெறய வாங்கிக் குடுத்ததாலதானுங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்க. இது அதனால வர்றதில்ல. இன்சுலின் ஊசிய மட்டும் நிறுத்திடாதீங்க."

அந்தக் குற்றத்திலிருந்து அவர் என்னை விடுவித்தார். அடுத்ததை நானே தேடிக்கொண்டேன்.

நான் முன்பு எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் வார்த்தவன். இப்போது பெங்களூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கிறேன். இந்த வேலை பார்ப்பவனைக் கேடி என்பார்கள். "வூட்டுக்காரர் என்ன பண்றார்னு கேட்டா நான் எப்படிங்க சொல்றது?" என்று என் மனைவி விஜயா இன்றும் சிரிப்பாள்.

எங்கள் வேலையின் முதல் பாடம் வாயை மூடுவது. ஆட்டக்காரர் பந்தின் முன் நின்றுவிட்டால் பேசக் கூடாது, அசையக் கூடாது.

பெரிய போட்டிகள் நடக்கும் மைதானம் அது. போன கோடையில் ஒரு போட்டி முடிந்த மறுநாள், குழிகளை இடம் மாற்றும் முன்பு, கேடிகளான எங்களை ஆடவிட்டார்கள். பேர்பெற்றவர்கள் திணறிய அதே குழிகள். விடுமுறைக்கு வந்திருந்த நிவேதாவையும் கூட்டிப்போனேன்.

"நான் பந்துகிட்ட நின்னுட்டா நீ மூச்சு வுடலாம், பேசக் கூடாது."

"தும்மல் வந்தா?"

"முழுங்கிடு."

காலை ஊசிக்குப் பிறகு அவள் இட்லியில் பாதியை வைத்துவிட்டாள். பார்த்தேன், கிளம்புகிற அவசரம். ஊசி போட்டு அரைவயிறாக நடந்தால் சர்க்கரை இறங்கும், நடுவில் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சர்க்கரை பார்க்கும் கருவி பையில்தான் இருந்தது. ஆனால் நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன். இந்தக் குழி முடியட்டும், அடுத்தது முடியட்டும் என்று தள்ளினேன்.

அந்த மைதானத்திலேயே கடினமான குழிக்கு முன்னால் குளம் உண்டு. தாண்டினால் சரிவு, புல் பீங்கானைப் போல வழுக்கும். காற்று மாறி மாறி அடித்தது. பந்தின் முன் நின்றேன், விலகினேன், கோலை மாற்றிக்கொண்டு மறுபடி நின்றேன். அவசரப்படவே இல்லை.

பந்து குளத்தைத் தாண்டி, கொடிக்கம்பத்தின் அருகே நின்றது. அப்படி ஓர் அடியை நான் அதுவரை அடித்ததில்லை. மகள் கைதட்டுவாள் என்று திரும்பினேன்.

அவள் புல்லில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. உதடு நடுங்கியது. என்னோடு ஆடிய ரமேஷ் அதற்குள் ஓடிவந்துவிட்டான். அவள் உட்கார்ந்ததை அவன் முன்பே பார்த்திருக்கிறான். அவனும் கேடிதானே, நான் அடித்து முடிக்கட்டும் என்று நின்றிருக்கிறான்.

தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைவது). குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டினோம். விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது.

"ஏம்மா சொல்லல?"

"நீ பந்துகிட்ட நின்னுட்டிருந்தியேப்பா." பிறகு கேட்டாள், "தாண்டிடுச்சா?"

"தாண்டிடுச்சும்மா," என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்கக் கூடாது, புரையேறியிருக்கும் என்று டாக்டரம்மா பின்னால் விளக்கினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இதே ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கை நடுங்கினால், காரணமில்லாமல் வியர்த்தால், உடனே சொல்லுங்கள். அப்பா முக்கியமான வேலையில் இருந்தாலும் குறுக்கே பேசுங்கள். சத்தம் போடாதே என்று சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள்தான். இந்த ஒன்றில் எங்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

நிவேதாவுக்கு இதைப் பழக்க நாளானது. போன மாதம் அவள் பள்ளியில் இறந்துபோன ஓர் ஆசிரியருக்காக மௌன அஞ்சலி. லீவில் ஊருக்கு வந்திருந்த நானும் மற்ற பெற்றோர்களோடு நின்றிருந்தேன். இலை அசையாத அமைதி. அதில் அவள் குரல் கேட்டது: "டீச்சர், எனக்கு சக்கர கொறையுது. உக்காந்துக்கறேன்."

பல தலைகள் திரும்பின. ஒருவர் உச்சுக்கொட்டினார். அவள் பொடியைக் கரைத்துக் குடித்தாள். அஞ்சலியை மறுபடி தொடங்கச் சொன்னார்கள். எல்லோரும் தலை குனிந்தார்கள், நான் குனியவில்லை. அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டே நிமிடம் என்றார்கள். ஒரு சின்ன உடம்புக்குள் அது எவ்வளவு நீளமான நேரம்.