கிழக்குச் சுவருக்குப் பாப்பா சொன்ன விலை

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், புதுப்பட்டினத்தில் அம்மா தனியாக இருக்கும் வீட்டின் கிழக்குச் சுவரிலிருந்து ஒரு முறம் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு அம்மா அப்போதுதான் உள்ளே போயிருந்தாள். இரண்டு நிமிடம் பிந்தியிருந்தால் தலையில் விழுந்திருக்கும். சிறுசேரியில் அலுவலகத்தில் இருந்த எனக்கு ஃபோன் செய்து, "திவ்யா, வீடு உரிஞ்சு விழுதுடி" என்றாள்.

அந்தச் சனிக்கிழமையே இரண்டு பேரை வரவழைத்தேன். முதலில் வந்தவர் வாசலில் நின்றபடியே நிமிர்ந்து பார்த்து, "சதுர அடி எழுபது ரூபா மேடம்" என்றார். அந்த எழுபதில் எதெல்லாம் அடங்கும் என்று கேட்டேன். "வேலை நடக்கறப்போ பார்த்துக்கலாம்" என்றார். இரண்டாமவர், விழுந்த இடங்களில் மட்டும் ஒட்டுப் போட்டு வெள்ளையடித்துத் தர முப்பத்தைந்தாயிரம் கேட்டார். அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனாலும், "எதுக்கும் பாப்பாவை ஒரு வார்த்தை கேட்டுடலாம். இந்தச் சுவரைப் பூசினது அவ புருஷன்தானே" என்றாள்.

பாப்பாவை எனக்கு இருபத்தேழு வருஷமாகத் தெரியும். 1998இல் இந்த வீட்டைக் கட்டியபோது எனக்குப் பத்தொன்பது வயது, பாப்பாவுக்கு இருபத்திரண்டு. ஊருக்குத் தெற்கே இருக்கும் குப்பத்துப் பெண். அவளுடைய அம்மா கல்பாக்கம் டவுன்ஷிப் மார்க்கெட்டில் மீன் விற்றவள். மீன்கூடை தூக்கப் பிடிக்காமல் சாந்துச் சட்டி தூக்க வந்தவள் பாப்பா. வந்த இடத்தில் கொத்தனார் மாரியைப் பிடித்துப்போய், எங்கள் வீட்டுக்குப் பூச்சு ஆரம்பிப்பதற்கு எட்டு நாள் முன்னால்தான் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள்கூட மங்கவில்லை.

மாரி சாரத்தின் மேல் நிற்பார், பாப்பா கீழிருந்து சட்டியை ஏந்திக் கொடுப்பாள். யாரும் பார்க்காதபோது அவர் ஒரு துளிச் சாந்தை அவள் மேல் தெறிக்க விடுவார். அவள் அண்ணாந்து திட்டுவாள். பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு புத்தகமும் கையுமாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு அப்போது ஒரு பொழுதுபோக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு அப்பா தூக்குவாளியில் டீயும் ஒரு பொட்டலம் வடையும் வாங்கிக்கொண்டு வருவார். கல்பாக்கத்தில் வேலை பார்த்தாலும் அப்பா வேடந்தாங்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். வேலை செய்கிறவர்களுக்கு அவரே ஊற்றிக் கொடுத்தால்தான் அவருக்குத் திருப்தி. புது ஜோடி என்று கேள்விப்பட்டதும் செங்கல்பட்டுக்குப் போய் ஒரு வேட்டியும் சேலையும் வாங்கி வந்து கொடுத்தார். அந்தச் சேலை மாம்பழ நிறம். அதைக் கட்டிக்கொண்டு அவள் கிரகப்பிரவேசத்துக்கு வந்ததும், சாந்து படியாத பாப்பாவை அடையாளம் தெரியாமல் நான் முழித்ததும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஆறு வருஷத்துக்கு முன் மாரியும் மாரடைப்பில் போய்விட்டார். அதுவரை இரண்டு பேரும் சேர்ந்து கோவளத்திலிருந்து சிறுசேரி வரைக்கும் எத்தனையோ கட்டடங்களுக்குப் பூசியிருந்தார்கள். அவர் போனபின் அவருடைய பூச்சுக் கரணையைப் பாப்பா கையில் எடுத்தாள். பெண் என்பதால் கொத்தனார் கூலியைக் கொடுக்க யாரும் தயாராக இல்லை. அதனால் கூலிக்குப் போவதை விட்டுவிட்டு, நாலு ஆள் வைத்துக்கொண்டு அவளே வேலை எடுக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். கிழக்குச் சுவர் நெடுகவும் அதை ஒட்டிய வடக்குச் சுவர் நெடுகவும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தாள். சில இடம் திடமாகப் பேசியது, பல இடம் காலி டப்பா மாதிரிச் சத்தம் கொடுத்தது. விழுந்த பூச்சில் ஒரு துண்டை எடுத்து நொறுக்கி, நாக்கு நுனியில் வைத்தாள். பிறகு டேப்பை எடுத்து அளந்து, கிழக்கும் வடக்கும் சேர்த்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு சதுர அடி என்றாள்.

"ஜன்னலைக் கழிக்கலையா?" என்று கேட்டேன்.

"ஜன்னலு காலிதான். ஆனா அத்தச் சுத்தி நாலு ஓரம் கீதே, நேரா கோடு புடிக்கிறதுக்கே பாதி நாளு பூடும். அதனால ஜன்னலைக் கழிக்கிறதில்ல."

முழுக்கக் கொத்தி இடிபாட்டை வெளியே கொட்ட அடிக்குப் பதினைந்து. சாரம் கட்ட எட்டு. சிமெண்ட், பி-சாண்ட் என்கிற பூச்சு மணல், விரிசல் வரும் இடங்களில் கோழிவலை எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டு. கூலி முப்பத்தொன்பது. ஆக அடிக்கு நூறு ரூபாய், மொத்தம் எண்பத்தொன்பதாயிரத்து அறுநூறு. ஒவ்வொன்றாகச் சொல்லி விரலை மடக்கினாள். அந்த எழுபது ரூபாய்க்காரர் எதையெல்லாம் சொல்லாமல் விட்டார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாதிச் சுவர் நல்லாத்தானே இருக்கு? எதுக்கு முழுசையும் கொத்தணும்? உன் வீட்டுக்காரர் என்ன மோசமாவா பூசினாரு?"

பாப்பா டேப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். "அவரு நல்லாத்தான் பூசினாரும்மா. மணலுதான் நல்ல மணல் இல்ல."

பிறகு சொன்னாள். அந்தப் பூச்சு பாதியில் இருந்தபோது பாலாற்று மணல் லாரி நாலு நாளாக வரவில்லை. வேலையை எடுத்திருந்த மேஸ்திரி, விடியற்காலையில் சவுக்குத் தோப்புக்குப் பின்னாலிருந்து கடற்கரை மணலை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார். இருந்த மணலோடு அதைக் கலக்கச் சொன்னார். கிளிஞ்சல் தெரியாதபடி இரண்டு முறை சலிக்கும் வேலை பாப்பாவுக்கு. மாரி வேண்டாம் என்றிருக்கிறார். இஷ்டமில்லையென்றால் இரண்டு பேரும் கிளம்பலாம் என்றார் மேஸ்திரி. கல்யாணக் கடன், வாடகைக் குடிசை, வேறு வேலையும் கையில் இல்லை.

"சலிச்சது நானு, பூசினது அவரு. உங்ககிட்ட சொல்லிடலாம்னு ரெண்டு தபா வந்தாரும்மா. கேட்டாண்ட நின்னுட்டுத் திரும்பிட்டாரு. உப்பு உள்ளயே கீது. மேல எத்தை ஒட்டினாலும் நிக்காது. முப்பத்தஞ்சாயிரத்தைத் தண்டமா கொட்டப் போறீங்களேன்னுதான் இன்னிக்கி சொல்லிட்டேன்."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "திவ்யா அப்பா தன் கையால டீ ஊத்திக் குடுத்தாரே உங்களுக்கு."

"ஆமாம்மா. அந்த டீயைக் குடிச்சிகினுதான் சலிச்சேன்."

"நீ போ பாப்பா" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கேட் வரைக்கும் நான் கூடப் போனேன். எனக்கும் கோபம்தான். பி.எஃப். பணம் முழுவதையும் அப்பா இந்தச் சுவர்களில் போட்டிருந்தார். ஆனால் வாயை மூடிக்கொண்டு முழு வேலைக்கும் விலை சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே, இவள் ஏன் சொன்னாள் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

அம்மா ஒட்டுப் போடுகிறவரையே கூப்பிட்டாள். நான் தடுக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் வேலை முடிந்தது, சுவர் பளிச்சென்று இருந்தது. கார்த்திகையில் பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. பத்தாம் நாள் அம்மா வெளியே வந்து பார்த்தபோது ஒட்டுப் போட்ட இடமெல்லாம் அப்பளம் போல உப்பியிருந்தது. வாரம் திரும்புவதற்குள் மூன்று இடம் விழுந்தது.

எனக்குச் சொல்லாமலே அம்மா ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிக் குப்பத்துக்குப் போயிருக்கிறாள், எழுபத்தெட்டு வயதில். நடந்ததைப் பிறகு பாப்பாதான் சொன்னாள். "வாசல்ல வந்து நின்னாங்க திவ்யா. உள்ள வாங்கன்னேன். வந்து குந்துனாங்க. தண்ணி குடிச்சாங்க. வேலைக்கு எப்ப வர்றேன்னு கேட்டாங்க. எனக்குக் கூலி வாணாம்மா, சாமானும் ஆளுங்க கூலியும் மட்டும் குடுங்கன்னேன். அதுக்குத் திட்டிட்டாங்க."

"என்னன்னு திட்டினாங்க?"

"கூலி வாங்காம பூசினா நீ மனசுல வேற கணக்கு வெச்சுகினு பூசுவ, எனக்கு அது வாணாம், ஒழுங்கா காசு வாங்கிகினு ஒழுங்கா பூசுன்னாங்க."

அம்மா அந்தப் பாஷையில் பேசியிருக்க மாட்டாள். ஆனால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

தை பிறந்ததும் வேலை ஆரம்பித்தது. நான் ஒரு வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். வடக்குச் சுவரை ஆட்களிடம் விட்டுவிட்டு, கிழக்குச் சுவரைப் பாப்பாவே கொத்தினாள். சுத்தியல் பட்டதும் பூச்சு பலகை பலகையாக வந்தது. அதில் அங்கங்கே கிளிஞ்சல் பொடி மினுங்கியது. அவள் ஒவ்வொன்றையும் நின்று பார்க்கவில்லை. முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு மளமளவென்று கொத்திக்கொண்டே போனாள்.

இரண்டாம் நாள் பதினோரு மணி இருக்கும், சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். சாரத்தின் மேல், மூலை ஜன்னலுக்குப் பக்கத்தில், சுவரில் காதை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"திவ்யா, இந்த எடம் வரமாட்டேங்குது. கல்லு மாதிரி கீது. ஆத்து மணல் தீர்றதுக்கு முன்னாடி பூசினது." உள்ளங்கையை அதன்மேல் பரப்பி வைத்தாள். "அவரு தேய்ச்சா இப்பிடித்தான், அரைவட்டமா வரும். எடது கை ஆளு."

எனக்குக் கீழேயிருந்து அரைவட்டம் எதுவும் தெரியவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். இல்லை, சிரித்தாள். அந்த மூலையைப் பூசிய அன்றைக்குத்தான் மாரி தெறிக்க விட்ட சாந்து அவள் கண்ணில் விழுந்து, அவள் மூன்று நாள் பேசாமல் இருந்தாளாம். மன்னிப்புக் கேட்க மகாபலிபுரத்துக்குக் கூட்டிப்போய்ச் சோடா வாங்கிக் கொடுத்தாராம். "சோடா! வேற இன்னாவும் வாங்கத் தெரியாது அந்த மன்சனுக்கு."

இறங்கி வந்து டேப் எடுத்துப்போய் அந்த இடத்தை அளந்தாள். எட்டுக்கு ஏழு, ஐம்பத்தாறு சதுர அடி. "இத்தக் கொத்த வாணாம். ஓரத்துல வலை வெச்சுப் புதுசைச் சேர்த்துடறேன். ஐயாயிரத்து அறுநூறைக் கழிச்சுடுங்க. எண்பத்துநாலாயிரம் குடுத்தா போதும்."

பூச்சு முடிந்து பத்து நாள் சுவரை நனைக்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். காலையும் சாயங்காலமும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் பார்க்க வந்த பாப்பா, "இன்னாம்மா, ரோஜாச் செடிக்கு ஊத்தற மாதிரி ஊத்தறீங்க. நல்லா பீச்சி அடிங்க, குடிக்கட்டும்" என்று ஹோஸைப் பிடுங்கிக்கொண்டாள். அம்மா ஒதுங்கி நின்று, "மாரி இருந்தா இந்நேரம் உன்மேல அடிச்சிருப்பாரு" என்றாள். பாப்பா தலையை ஆட்டினாள்.

அன்று அம்மா அவளைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பாட்டுக்கு நடுவில் நான்தான் கேட்டேன், அந்தப் பழைய மூலையை மட்டும் வேறு நிறத்தில் விட்டுவிடலாமா என்று.

"அய்ய, வாணாம்" என்றாள் பாப்பா. "மொத்தத்துக்கும் ஒரே கலரு அடிங்க. தனியாத் தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்."

ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். நாளைக் காலையில் வாயலூரில் ஒரு மாடி வீட்டை அளக்கப் போக வேண்டும், கைப்பிடிச் சுவரையும் சேர்த்தால் ஆயிரத்தைந்நூறு அடியாவது வரும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.