மூன்றாம் வளைவின் பதாகை

கோத்தெம்பா ரயில் நிலையத்தில் குசாகபே நோரியேயின் டாக்சியில் ஏறுகிறவர்கள் பெரிய பெட்டியோடு வந்தால் கொஞ்சம் திண்டாட வேண்டும். டிக்கியில் பாதி இடம்தான் காலி. மீதிப் பாதியில் ஆள் நீளத்துக்குச் சுருட்டிய பச்சைத் துணி ஒன்று படுத்திருக்கும்.

"என்னம்மா, யாரையாவது போட்டுத் தள்ளிட்டீங்களா?" என்று ஒசாகாவிலிருந்து வந்த பயணி ஒருவர் கேட்டார்.

"இல்லீங்க. உயிரோடதான் இருக்காரு. ஞாயித்துக்கிழமை ஓட்டுறாரு."

துணியை விரித்தால் வெள்ளை எழுத்தில் "இன்னும் ஒரு சுற்று, ஷிராமிசு" என்று இருக்கும். ஷிராமிசு தெத்சுஹிரோ கார்ப் பந்தய ஓட்டுநர், வயது ஐம்பத்திரண்டு. சாம்பியன் பட்டம் ஒருமுறைகூட வாங்கியதில்லை. இரண்டாம் இடம் என்று யாராவது சொன்னாலே ரசிகர்களுக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும். இப்போதெல்லாம் அதுவும் அபூர்வம். நுமாசுவில் டயர் கடைகள் வைத்திருக்கும் ஒரு முதலாளியின் சின்ன அணிக்கு ஓட்டுகிறார். அவரோடு தடத்தில் இறங்கும் பையன்கள் பலர் அவர் மகளை விட இளையவர்கள்.

நோரியேவுக்கு ஐம்பத்தெட்டு. பல வருடங்களுக்கு முன், கணவர் அவளை விட்டு நகோயாவில் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டபோது அவள் டாக்சி ஓட்ட வந்தாள். முதல் சில மாதங்களில் கண்ணாடியை உரசினாள், வழி தவறினாள், பயணிகளிடம் திட்டு வாங்கினாள். வேலையை விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்த ஒரு மழை நாளில், மலையடிவாரத்துப் பந்தயத் தடத்துக்கு ஒருவரைக் கொண்டுபோய் இறக்கினாள். வரவேண்டிய நண்பர் வரவில்லை என்று அவர் மிச்சமிருந்த டிக்கெட்டை அவள் கையில் திணித்தார். சரி, மழை விடும்வரை பார்ப்போம் என்று மூன்றாம் வளைவின் கம்பி வேலியருகே குடை பிடித்து நின்றாள்.

பழுதாகிக் கொட்டகைக்குள் போயிருந்த ஷிராமிசுவின் பச்சைக் கார் பந்தயம் முடியும் தறுவாயில் வெளியே வந்தது. இனி ஜெயிக்க எதுவும் இல்லை. கூட்டமும் கலையத் தொடங்கியிருந்தது. ஆனால் அந்தக் கார் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் பிரேக் பிடித்து, அதே கோட்டில் திரும்பியது. வேகமான கார் பின்னால் வந்தால் சிக்னல் போட்டு ஒதுங்கி வழிவிட்டது. கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. தோற்ற பிறகும் ஒரு மனுஷன் இப்படி ஓட்ட முடியுமா என்று நோரியே பார்த்துக்கொண்டே நின்றாள். மழை விட்டதுகூடத் தெரியவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல் வண்டியை எடுத்தாள்.

அதன்பின் அந்த வேலியோரம் அவளுக்கு வீடு மாதிரி ஆகிவிட்டது. அங்கே ஏற்கெனவே ஒரு ரசிகர் குழு இருந்தது. தலைவர் இசோகை, தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதாகையின் கயிறுகளை அவர்தான் முடிச்சுப் போடுவார். ஏணி கட்டப் போடும் முடிச்சு அது, புயலே வந்தாலும் அவிழாது. பதாகையைத் துவைத்து, காயவைத்து, பாதுகாத்து வைப்பது நோரியே. வருடங்கள் போகப் போகக் குழு சிறுத்தது. கடைசியாகச் சேர்ந்தவள் மொமோசே, பல் மருத்துவமனையில் உதவியாளர், எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிறவள்.

பந்தயம் முடிந்து கார்கள் மெதுவாக ஒரு சுற்று வரும்போது, மூன்றாம் வளைவில் ஷிராமிசு காரின் நான்கு விளக்குகளையும் இரண்டு முறை சிமிட்டுவார். சாலையில் வழிவிட்டவருக்கு எல்லா ஓட்டுநர்களும் செய்கிற நன்றிதான். நோரியே டாக்சியில் நாள் முழுக்கச் செய்கிறாள். ஆனால் தனக்கென்று யாராவது சிமிட்டுவது அந்த வளைவில் மட்டும்தான்.

ஜூலையில், தெற்கே கியூஷூவில் நடந்த பந்தயத்தில்தான் விஷயம் ஆரம்பித்தது. பதினான்காவதாக முடித்த ஷிராமிசு காரிலிருந்து இறங்கி, ரசிகர் கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். வழக்கமான வணக்கம்தான். ஆனால் நிமிரவில்லை. கைதட்டல் ஓய்ந்தது. இன்னும் நிமிரவில்லை. கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். கடைசியில் ஒரு மெக்கானிக் தோளைத் தொட்ட பிறகுதான் தலை உயர்ந்தது, கண்ணில் நீரோடு.

"அது பிரிவு வணக்கம்," என்றார் இசோகை, கோத்தெம்பா நூடுல்ஸ் கடையில் கூடியபோது. "நான் எத்தனை பேர் ஓய்வு பெற்றதைப் பாத்திருக்கேன். அந்த முதுகு சொல்லுச்சு."

"ஆகஸ்ட்ல நம்ம ஊர்ப் பந்தயம். அதோட விட்டுடுவார்." மொமோசே சொல்லும்போதே மூக்கைத் துடைத்தாள்.

"அவர்கிட்டயே கேட்டா என்ன?" என்றாள் நோரியே.

இருவரும் அவளைப் பார்த்த பார்வையில், சூப் கிண்ணத்துக்குள் கையை விட்டவள் மாதிரி உணர்ந்தாள்.

"நோரியே-சான், அவரே சொல்லாம இருக்காரு. நாம போய்க் கேட்டா அவர் மனசு என்னாகும்? தெரியாத மாதிரி இருக்கணும். ஆனா தெரிஞ்சுதான் இருக்குன்னு அவருக்குப் புரியணும்."

"அது எப்படி தலைவரே?"

"அதுக்குத்தான் பேனர்."

மொமோசே புதிய பதாகை தைப்பது என்று முடிவாயிற்று. "ஷிராமிசு-சான், இத்தனை வருஷமும் நன்றி. இனி நிம்மதியாக ஓய்வெடுங்கள்." பந்தயம் தொடங்குமுன் பழையதை இறக்கிவிட்டு இதைக் கட்டுவது. அணி முதலாளி வருடத்தில் நேரில் வரும் ஒரே பந்தயம் அதுதான். அடுத்த வருடம் யார் ஓட்டுவது என்று அங்கேதான் முடிவெடுப்பார். ரசிகர்கள் எவ்வளவு மரியாதையாக வழியனுப்புகிறார்கள் என்று அவரும் பார்க்கட்டும் என்றார் இசோகை.

நோரியே தலையாட்டினாள். ஆனால் பழைய பதாகையைத் துவைத்துக் காயப்போட்டபோது, அதை இனி எங்கே வைப்பது என்ற கேள்வி அவளை விடவில்லை. டிக்கி காலியானால் பயணிகளுக்கு வசதிதான் என்று சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

ஆகஸ்ட் ஞாயிறு காலை மலை தெரியவில்லை. மூட்டம் கூரை வரை இறங்கியிருந்தது. பந்தயத்துக்கு முன் ரசிகர்களைக் கார்க் கொட்டகைகளின் வாசல்வரை விடுவார்கள். ஓட்டுநர்கள் மேசை போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள். ஷிராமிசு மட்டும் நின்றுகொண்டே போட்டார். வரிசை வழக்கத்தை விட நீளம். கியூஷூ வணக்கத்தை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

இசோகை ஒரு ஜோடித் தேநீர்க் கோப்பை கொடுத்தார். "இனிமே வீட்டுல நிதானமா டீ குடிங்க."

"ஆ... ரொம்ப நன்றி," என்றார் ஷிராமிசு.

மொமோசே கொடுத்தது வெந்நீர் ஊற்று விடுதியின் அனுமதிச் சீட்டு. "மனைவியோட போயிட்டு வாங்க. இனிமேதான் நேரம் கிடைக்குமே!" என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

ஷிராமிசுவின் புன்னகை இடம் மாறவில்லை, முகம்தான் வெளிறியது. ஒரு கணம் திரும்பிக் கொட்டகையின் உள்ளே நின்ற முதலாளியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நோரியே ரயில் நிலையத்தில் தினமும் பார்க்கிறாள். தவறான ரயிலில் வந்து இறங்கிவிட்டோமோ என்று பலகையைப் பார்க்கிறவர்களின் பார்வை.

அவள் முறை வந்தது. தொப்பியை நீட்டினாள். அவர் இடது கையை மேசையில் ஊன்றிக் குனிந்தார். அப்போது அந்த நெடி வந்தது. கற்பூரமும் புதினாவும் கலந்த நெடி. நோரியே தினமும் வேலைக்குக் கிளம்புமுன் இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் அதே வலி பிளாஸ்திரி. கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் இரண்டு தவணையாக நிமிர்ந்தார்.

"குசாகபே-சான்," என்றார் உதடு அசையாமல். "டீம்ல யாராவது உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"என்னன்னு?"

"இல்ல, பரவாயில்ல. என்கிட்ட நேர்ல சொல்ல அவங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும். சாயங்காலம் நானே போய், விட்டுடறேன்னு சொல்லிடறேன். அவங்களுக்குச் சங்கடம் வேண்டாம்."

நோரியேவுக்கு அப்போதுதான் விளங்கியது. ரசிகர்கள் அவர் மனம் நோகக் கூடாதென்று கேட்கவில்லை. அவர் அணியின் மனம் நோகக் கூடாதென்று கேட்கப்போவதில்லை. மாலையில் முதலாளி இவர் மனம் நோகக் கூடாதென்று ஏன் என்று கேட்காமல் சம்மதித்துவிடுவார். யாருமே விரும்பாத ஒன்று எல்லோருடைய நல்லெண்ணத்தாலும் நடந்து முடிந்துவிடும்.

பின்னால் யாரோ இருமினார்கள். வரிசையில் நின்று யாரும் கேட்காத கேள்வியை அவள் கேட்டாள்.

"ஷிராமிசு-சான், மன்னிக்கணும். நீங்க ஓய்வு பெறப் போறீங்களா?"

"அதைத்தான் நான் உங்ககிட்ட கேக்கறேன்."

"எங்ககிட்ட யாரும் சொல்லல. நாங்களா நினைச்சுக்கிட்டோம்."

"எதை வச்சு?"

"போன மாசம் அவ்வளவு நேரம் குனிஞ்சு நின்னீங்களே."

அவர் காது மடல் சிவந்தது. இருபுறமும் பார்த்தார். "அது... நிமிர முடியல."

"இடுப்பா?"

"பிடிச்சுக்கிச்சு. மெக்கானிக் பசங்க பாக்கறதுக்குள்ள நிமிர்ந்துடலாம்னு பாத்தேன். முடியல. சரி, வணக்கமாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"கண்ணுல தண்ணி வந்துச்சே?"

"பின்ன வராதா? அப்படி வலி."

நோரியே சிரிப்பை மறைக்கத் தொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். பார்த்தவர்களுக்கு அழுவது போலத்தான் இருந்திருக்கும்.

"ஓட்ட முடியுதா?"

"உட்காந்துட்டா ஒண்ணும் இல்ல. எழுந்திருக்கறதுதான். டாக்டரும் ஓட்டலாம்னுட்டார். ஆனா முதலாளி காதுக்குப் போச்சுன்னா, வயசாயிடுச்சுன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவார்."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சாயங்காலம் எங்கயும் போய் எதையும் சொல்லாதீங்க. அப்புறம், பிளாஸ்திரிய இன்னும் கொஞ்சம் கீழ ஒட்டுங்க. இப்ப ஒட்டியிருக்கற இடம் தப்பு."

"எப்படித் தெரியும்?"

"நீங்க நிமிர்ற லட்சணத்தைப் பாத்தேனே."

மூன்றாம் வளைவுக்கு அவள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, பழைய பதாகை மடிந்து புல்லில் கிடந்தது. புதியதின் ஒரு முனையில் இசோகை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவிழ்த்துடுங்க தலைவரே."

"என்ன?"

"இது வேண்டாம். பழசைக் கட்டணும்."

"கேட்டுட்டியா அவர்கிட்ட?" இசோகையின் குரலில் கோபத்தை விடப் பயம்தான் இருந்தது. "வரிசைல நின்னு, எல்லார் முன்னாடியும்?"

"கேட்டேன். விடப் போறதில்ல."

"அப்போ அந்த வணக்கம்?" என்றாள் மொமோசே. ராத்திரி ராத்திரியாகத் தைத்த விரல்கள், மூன்றில் பேண்ட்-எய்டு.

நோரியே அந்த விரல்களைப் பார்த்தாள். இடுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் மொமோசேவிடம் சொன்ன ரகசியம் அடுத்த வளைவைத் தாண்டுமுன் முதலாளியின் கொட்டகைக்குப் போய்ச் சேரும்.

"காரணம் இருக்கு. சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதா, தெரியாதா?"

"சொல்ல முடியாது. இத்தனை வருஷமா இந்தத் துணியத் துவைக்கறேன் தலைவரே. ஒருநாளாவது எதையாவது கேட்டிருக்கேனா? இப்பக் கேக்கறேன். அவிழ்த்துடுங்க."

தூரத்தில் கார்கள் உறுமத் தொடங்கின. இசோகை அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு மெல்ல, எல்லாம் விளங்கிவிட்டவர் போலத் தலையசைத்தார்.

"புரிஞ்சுபோச்சு. புது கார் வருது. அதானே? அடுத்த வருஷம் பட்டம் வாங்கறேன்னு உறுதிமொழி எடுத்த வணக்கம் அது."

நோரியே ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

"சொல்லாதே, சொல்லாதே," என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டு அவர் முடிச்சை இழுத்தார். அது அசையவில்லை. "ச்சே, இந்த முடிச்சைக் கண்டுபிடிச்சவன் யாருடா!"

"நீங்கதான் ஊரெல்லாம் சொல்லிக் கொடுத்தீங்க," என்றாள் மொமோசே. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, தான் தைத்த பதாகையின் கயிற்றைத் தானே வெட்டினாள். மூவரும் பழையதைத் தூக்கிப் பிடித்தபோது முதல் கார்கள் வளைவுக்குள் வந்துவிட்டன. ஒரு முனை கட்டவில்லை. நோரியே அதை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து நின்றாள்.

பச்சைக் கார் கடந்தது. பதாகையைப் பார்த்தாரா என்று அந்த வேகத்தில் சொல்ல முடியாது.

பந்தயம் பெரிதாக ஒன்றுமில்லை. மூட்டம் இறங்கி நிறுத்தினார்கள், விலகியதும் மறுபடி தொடங்கினார்கள். ஷிராமிசு பதினொன்றாவது. மெதுவான சுற்றில் மூன்றாம் வளைவுக்கு வந்த பச்சைக் கார் நான்கு விளக்குகளையும் சிமிட்டியது. இரண்டு முறை அல்ல. வளைவு முடியும்வரை சிமிட்டிக்கொண்டே போனது. மொமோசே வழக்கம்போல் அழுதாள்.

பெரிய திரையில் அவர் காரிலிருந்து இறங்குவது தெரிந்தது. கூட்டத்தைப் பார்த்து ஒரு வணக்கம். குனிந்ததும் தெரியவில்லை, நிமிர்ந்ததும் தெரியவில்லை, அவ்வளவு சின்னது.

"பாத்தியா?" இசோகை நோரியேயின் தோளைத் தட்டினார். "திரும்பி வர்றவன் வணக்கம் அப்படித்தான் இருக்கும். அந்த முதுகு சொல்லுது!"

திரையில் கார்க் கதவைப் பற்றியிருந்த ஷிராமிசுவின் இடது கையை நோரியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா தலைவரே," என்றாள்.

அன்று மாலை ஷிராமிசு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இலையுதிர்காலத்தில் முதலாளி இன்னும் ஒரு வருடத்துக்கு அவரையே வைத்துக்கொண்டார். புது கார் எதுவும் வரவில்லை. அதற்கும் இசோகை ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்.

மொமோசே தைத்த பதாகையையும் நோரியேதான் துவைத்தாள். வேண்டிய நாள் வரத்தான் போகிறது, அன்றைக்குக் கேட்டுவிட்டே கட்டலாம். இப்போது டிக்கியில் இரண்டு சுருள்கள் அருகருகே கிடக்கின்றன. பெட்டியோடு வருகிற பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவள் பெட்டியை முன் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுவிடுகிறாள்.