குடைக்கு விழுந்த ஒரு ஓட்டு

பக்தவத்சலம் எங்கள் காட்டு கேம்பில் ரம்பங்களுக்குக் கூர் வைப்பவர். லாங் ஐலண்ட் தீவிலிருந்து டுங்கிப் படகில் இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டால் எங்கள் கேம்ப் வரும். நான் அங்கே மஸ்டர் கிளார்க். காலையில் யார் வேலைக்கு வந்தான், யார் படுத்துவிட்டான் என்று எழுதுவது என் உத்தியோகம். பக்தவத்சலம் பெயருக்கு எதிரே நான் ஒருநாளும் 'இல்லை' என்று எழுதியதில்லை. காய்ச்சல் வந்தால்கூட அந்த மனிதர் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருப்பார். வேறு எங்கே போவார்? போவதற்கு அவருக்கு ஒரு வீடு இல்லை.

திண்டிவனம் பக்கத்துக்காரர். மனைவி தலைப்பிரசவத்தில் போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. ஐம்பத்து மூன்றில் போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறியவர், திரும்பிப் போகவே இல்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு தடுப்பு அறை, ஒரு வேளைச் சமையல், லாங் ஐலண்ட் கடையிலிருந்து சாமான் சுற்றி வரும் பழைய தமிழ்ப் பேப்பர்கள். அந்தப் பேப்பரை விரித்து, எண்ணெய்க் கறையைத் தாண்டித் தாண்டி, மூன்று மாதத்துக்கு முந்திய சட்டசபைச் சண்டையை இன்றைக்கு நடந்தது போலப் படிப்பார். படித்துவிட்டு கோபப்படுவார். அவர் கோபத்தைக் கேட்க ஆள் வேண்டுமே, அதற்கு நான் இருந்தேன்.

அவருடைய பெரிய குறை ஓட்டு. ஐம்பத்து இரண்டில் ஊரில் ஒரே ஒருமுறை போட்டது. அதன் பிறகு இரண்டு தேர்தல் வந்து போய்விட்டது, தீவில் எங்களுக்கு ஓட்டே கிடையாது. எங்களுக்காக டெல்லி பார்லிமெண்டில் உட்காருகிறவரை ஜனாதிபதியே நியமித்துவிடுவார். "எனக்குப் பொண்ணு பாக்குறதுக்கு என்னையே கேக்க மாட்டாங்களாப்பா?" என்பார். அறுபத்தாறு கடைசியில், வரும் தேர்தலில் தீவுக்காரர்களும் ஓட்டுப் போடலாம் என்று சேதி வந்தபோது, அவர் அன்று முழுக்க அரத்தைத் தொடவில்லை. அன்றும் நான் 'இல்லை' என்று எழுதவில்லை.

ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. யார் நிற்கப்போகிறார் என்கிற கூத்து தொடங்கியது. வாராவாரம் அரிசிப் படகு வரும்போது அரிசியோடு ஒரு பெயரும் வந்து இறங்கும். முதல் வாரம் போர்ட் பிளேர் காண்ட்ராக்டர் ஒருவருக்கு டிக்கெட் உறுதி. அடுத்த வாரம் அவர் இல்லை, அவர் மச்சான். அதற்கடுத்த வாரம் இரண்டு பேரும் இல்லை, டெல்லியிலிருந்து தந்தி வரவேண்டும். பெங்காலிகள் ஒருவரைச் சொன்னார்கள், தெலுங்குக்காரர்கள் ஒருவரைச் சொன்னார்கள், நம் ஆட்கள் நாலு பேரைச் சொன்னார்கள். பக்தவத்சலத்துக்குப் பொறுக்கவில்லை.

"எங்கியோ ஒரு ரூமுல உக்காந்து நாலு பேரு முடிவு பண்ணுவான். முடிவு பண்ணினதுக்கப்புறம் நாம போயி முத்திரை குத்தணும். குத்துறதுக்கு நாம எதுக்கு, ஆனையக் கூட்டியாந்தா அது குத்தாதா?"

"அதான் வேற ஆளுங்களும் நிப்பாங்களேண்ணே" என்றேன்.

"நிப்பான். ஆனா ஜெயிக்க மாட்டான்னு இப்பவே எல்லாரும் சொல்லுவீங்க. நீயே சொல்லுவே பாரு."

கடைசியில் பெரிய இடத்து ஆள் ஒருவர் ஏணிச் சின்னத்தில் நின்றார். குடைச் சின்னத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சுயேச்சையாக நின்றார். வாத்தியார் ஒருமுறை எங்கள் கேம்புக்கு வந்தார். மழையில் நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். குடைச் சின்னத்துக்காரர் குடையில்லாமல் வந்ததைப் பார்த்து ஆட்கள் சிரித்தார்கள். பக்தவத்சலம் மட்டும் தன் கொட்டகையில் அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். அவரும் தெரிந்ததற்குப் பதில் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். அது போதும், பக்தவத்சலம் குடைக்காரராகிவிட்டார்.

ஏணிக்கு எங்கள் கேம்பில் மேஸ்திரி கோவிந்தராஜ் பொறுப்பு. கெட்டவர் இல்லை. எதையும் ஒரே அடியில் முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேஷன் கோடவுன் முன்னால் ஆண்களையெல்லாம் கூட்டினார். முந்தின வருஷம் மரம் விழுந்து மணியன் இடுப்பு உடைந்ததை எல்லோருக்கும் ஞாபகப்படுத்தினார். டுங்கியில் கிடத்தி, எதிர்நீரோட்டத்தில் துடுப்புப் போட்டுப் போட்டு, லாங் ஐலண்ட் ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் மணியன் எங்கள் கண் முன்னாலேயே போனான்.

"ஒரு மோட்டார் படகு இருந்திருந்தா மணியன் இன்னிக்கு இங்க உக்காந்திருப்பான். ஏணிக்காரர் படகு தர்றதா வாக்குக் குடுத்திருக்கார். ஆனா ஒரு கண்டிஷன். நம்ம பெட்டியில நாப்பத்து மூணு ஓட்டும் ஏணிக்கு விழணும். ஏக் பீ இதர் உதர் நஹி ஹோனா. ஒண்ணுகூட சிதறக் கூடாது."

பெட்டி பெட்டியாகத்தான் அப்போது எண்ணுவார்கள். எந்த கேம்ப் எவ்வளவு போட்டது என்று வெட்டவெளிச்சமாகத் தெரிந்துவிடும்.

பக்தவத்சலம் எழுந்தார். "படகு சர்க்கார் தரவேண்டியது. மணியன் சர்க்கார் மரத்த அறுக்கும்போது செத்தான். அதுக்கு நாம ஓட்ட வெலயா குடுக்கணுமா? அவரு வாக்க நம்பி எல்லாரும் ஒரே பக்கம் சாஞ்சிட்டா, நாளைக்கு நம்மள யாரு மதிப்பான்?"

"யோவ், நீ பேசுறது நல்லாத்தான் இருக்கு. படகு ஓட்டுமா உன் பேச்சு?" என்றார் கோவிந்தராஜ். எல்லோரும் சிரித்தார்கள். ஏணிக்குச் சம்மதம் என்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். இருபத்தாறு ஆண்களில் இருபத்தைந்து கை மேலே போனது. என் கையும்தான். பக்தவத்சலம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மணியனின் விதவை மரகதம் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டார். மணியன் போன பிறகு கேம்பில் தனிக்கட்டைகளுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைத்தாள் மரகதம். அன்று கூட்டத்துக்கும் அவள்தான் டீ ஊற்றினாள். பெண்களை யாரும் கை தூக்கச் சொல்லவில்லை. புருஷன்மார் தூக்கினால் போதும் என்பது அங்கே எழுதாத சட்டம். புருஷன் இல்லாதவளைப் பற்றி யாருக்கும் நினைப்பே வரவில்லை.

பிப்ரவரியில் ஓட்டுப் பெட்டி வந்தது. கோடவுனில் அரிசி மூட்டைகளை ஒதுக்கி மறைப்புக் கட்டினார்கள். பக்தவத்சலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார். உள்ளே போனவர் வெளியே வர நேரமாயிற்று. "என்னய்யா, உள்ளயே குடித்தனம் வெச்சிட்டியா?" என்று கோவிந்தராஜ் குரல் கொடுத்தார். வெளியே வந்த பக்தவத்சலம் யாரோடும் பேசாமல் கொட்டகைக்குப் போய்விட்டார். நாற்பத்து மூன்று பேரும் ஓட்டுப் போட்டோம்.

பத்து நாள் கழித்து கணக்கு வந்தது. ஏணிக்காரர் ஜெயித்துவிட்டார். எங்கள் பெட்டியில் ஏணிக்கு நாற்பத்திரண்டு. குடைக்கு ஒன்று.

யார் அந்த ஒன்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமே இல்லை. கோவிந்தராஜ் நேராகக் கொட்டகைக்குப் போய், "சொன்னத செஞ்சிட்டே, இல்ல?" என்றார். பக்தவத்சலம் ரம்பத்தின் பற்களில் அரத்தை இழுத்தார். மறுக்கவில்லை.

மோட்டார் படகு வரவில்லை. ஒரு வருஷம் பார்த்தோம். கோவிந்தராஜ் போர்ட் பிளேர் வரை போய்க் கேட்டுவிட்டு வந்தார். "உங்க கேம்ப்லதான் ஒத்துமை இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வேறு ஏதாவது ஒரு சாக்குச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது கேம்புக்கே அந்த ஒரு ஓட்டுதான் படகைக் கவிழ்த்தது என்று பட்டது. அதன்பிறகு ரம்பங்களைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு ஆட்கள் பேசாமல் போவார்கள். அவர் கூர் வைத்து வாசலில் சாத்துவார். அவர்கள் பேசாமல் எடுத்துப் போவார்கள். தீபாவளிக்கு யாரும் கூப்பிடவில்லை. கோவிந்தராஜ் பேத்திக்குக் காது குத்தினபோது கேம்பில் எல்லோருக்கும் இலை போட்டார்கள், அவருக்குப் போடவில்லை. நானும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மரகதம் மட்டும் வழக்கம்போல அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய் வைத்தாள்.

அறுபத்தெட்டு மழைக்காலத்தில் அவருக்கு மலேரியா. நான்தான் கஞ்சி கொண்டுபோனேன், குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். நாலு வாய் குடித்தவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நான் குடைக்குப் போடலப்பா."

எனக்குப் புரியவில்லை. காய்ச்சலில் உளறுகிறார் என்று நினைத்தேன்.

"ஏணிக்குத்தான் குத்தினேன். முத்திரைய கையில வெச்சிக்கிட்டு அவ்வளவு நேரம் நின்னேன். படகுக்காகன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய்யிப்பா. பெட்டியில ஒத்த ஓட்டா விழுந்தா எல்லாரும் என்ன ஒதுக்கிடுவாங்கன்னு பயந்துட்டேன். பதினாலு வருஷமா தனியாவே கெடக்குறேன், இதுவும் போயிட்டா எப்பிடின்னு."

"அப்போ அந்த ஒரு ஓட்டு?"

"அதான் தெரியல. யாரோ என் பேச்சக் கேட்டிருக்காங்க. அவங்களுக்கு மட்டும் தெரியும், நான் போடலன்னு. தெனம் ஒவ்வொரு மொகமா பாக்குறேன்."

"கோவிந்தராஜ்கிட்ட சொல்லிட வேண்டியதுதானேண்ணே. ஏன் இந்தப் பழி?"

"சொன்னா அவங்க அடுத்த ஆளத் தேடுவாங்க. எனக்காகப் போட்ட ஓட்டு, நானே காட்டிக் குடுக்கவா? நீயும் வாயத் தொறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நானும் ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கினேன். ராஞ்சிக்காரர்களை, தெலுங்குக்காரர்களை, மரம் இழுக்கும் யானையின் பாகனை. ஆண்களை மட்டும்தான் பார்த்தேன் என்பதை இப்போது வெட்கத்தோடு சொல்லவேண்டும்.

அறுபத்தொன்பது தை மாதம் மரகதம் கேம்பை விட்டுக் கிளம்பினாள். பெரார்கஞ்சில் அவள் தங்கை வீட்டுக்காரருக்கு நிலம் இருந்தது, அறுவடைக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அவளுடைய தகரப் பெட்டியை பக்தவத்சலம் தூக்கிக்கொண்டார், பாத்திர மூட்டையை நான். கேம்பில் மற்றவர்கள் காட்டுக்குள் வேலையில் இருந்தார்கள். பலகைத் துறையில் டுங்கி கட்டியிருந்தது.

பெட்டியை வைத்துவிட்டு பக்தவத்சலம் நிமிர்ந்தார். "ஒடம்பப் பாத்துக்க மரகதம். சோறு போட்டே இத்தன நாளு."

அவள் உடனே ஏறவில்லை. என்னைப் பார்த்தாள். நான் இருப்பது பரவாயில்லை என்று தீர்மானித்தவள் போல அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். நீங்க ஏன் போடல?"

அவர் முகம் செத்துவிட்டது.

"எம் புருசன் சாவ எடுத்து வெச்சி ஓட்டு கேட்டாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. நீங்க ஒருத்தர்தான் எந்திரிச்சுப் பேசினீங்க. அத்தன கையும் மேல போகுது, நீங்க ஒண்டியா நிக்கிறீங்க. கூட ஒரு ஆளு இருக்கட்டுமேன்னுதான் நான் குடையில குத்தினேன். ரெண்டு இருக்கும்னு நெனச்சேன்."

அவர், "இந்த ரெண்டு வருசத்துல ஏம்மா கேக்கல?" என்றார்.

"என் பழிய நீங்க சொமந்துகிட்டிருந்தீங்க. எந்த வாயால கேப்பேன்?"

டுங்கிக்காரன் நீர் வற்றுகிறது என்று அவசரப்படுத்தினான். அவள் ஏறி உட்கார்ந்து, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள். டுங்கி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பக்தவத்சலம் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். "போகலாம்ணே, வெயில் ஏறுது" என்றேன்.

"அன்னிக்கு நான் தனியா இல்லப்பா" என்றார். "எனக்குத்தான் தெரியாமப் போச்சு."