வடக்கு வீதிக்குத் திரும்பிய தேர்

நீர்வேலியில் வீடு கட்ட நினைப்பவர்கள் மேசனிடம் போகுமுன் ஜெயகௌரியிடம் போவார்கள். காணியின் அளவைக் கொடுத்தால் போதும், வீட்டைக் கணினியில் முப்பரிமாணமாக எழுப்பி, சமைக்கும்போது குசினி யன்னலால் கிணறு தெரியுமா என்பதுவரை காட்டிவிடுவாள். கனடாவிலிருக்கும் மகன் "குசினி மற்றப் பக்கம் வரட்டும்" என்று சொன்னால், முழு வீட்டையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒரே சொடுக்கில் புரட்டிவிடுவாள். அது அவளுடைய அன்றாட வேலை. அதனால் எந்த வீட்டுக்கும் குறை வந்ததில்லை.

ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் புதுத் தேர் செய்விப்பது ஆழ்வாப்பிள்ளையின் நேர்த்திக்கடன். தேர் இன்னும் பட்டறையில் மரமாகத்தான் கிடந்தது. அவரோ இருதய சத்திரசிகிச்சைக்காகப் பட்டினத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். திங்கட்கிழமை சிகிச்சை. அதற்கு முன், தேர் ஓடுவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மனைவி தங்கமுத்துவிடம் சொல்லியிருந்தார். படமாகவாவது காட்டலாம் என்று கோயில் செயலாளர் தேனுஜன் யோசனை சொன்னான்.

"ரவுணிலை டினேஸ் எண்டொரு பொடியன் இருக்கிறான். அசையிற படம் செய்யிறதுதான் அவன்ரை தொழில்," என்றான்.

அங்கே நின்ற ஜெயகௌரிக்குச் சுருக்கென்றது. "வீடே கட்டிற எனக்குத் தேர் ஓட்டத் தெரியாதே? உவங்கள் கார்ட்டூன் கீறுறவங்கள். நான் செய்து தாறன்."

அசைவுப்படம் அவள் செய்ததே இல்லை. அதை அவள் சொல்லவில்லை.

தேரையும் கோபுரத்தையும் நாலு வீதிகளையும் தன் பழைய மென்பொருளில் அழகாக வரைந்தாள். தேர் போகும் வழியையும் கோடாக இழுத்தாள். சில்லு உருள, தேர்ச்சீலை அசைய வேறொரு மென்பொருள் தேவைப்பட்டது. அங்கேதான் சனியன் பிடித்தது. இங்கே மேல் என்பது அங்கே முன் என்றானது. கோயில் மல்லாந்து கிடந்தது. நிமிர்த்தினால் தேர் எறும்பளவில் நின்றது. இங்கே மீற்றர், அங்கே சென்ரிமீற்றர். அளவைச் சரிப்படுத்தினால் பூசிய நிறமெல்லாம் போய்ச் சாம்பலாகிவிட்டது. பழகிய விரல் பழைய இடத்தையே அழுத்தும். நகர்த்தப் போனால் அழியும், திருப்பப் போனால் பெரிதாகும். பழையதற்குத் திரும்பிப் போய் ஒன்றைத் திருத்தி மறுபடி வந்தால், இதற்குள் புதிய மென்பொருளில் பழகியது மறந்திருக்கும். இரண்டு வீட்டிலும் விருந்தாளியாகிப் போனாள்.

வெள்ளி காலை எல்லாம் ஒருவாறு பொருந்தியபோது, கிழக்குப் பார்த்த கோயில் மேற்கைப் பார்த்து நின்றது. அன்று பின்னேரம் கோயிலில் ஊருக்குக் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அவள் யோசிக்கவே இல்லை. வீட்டைப் புரட்டுவதுபோல முழுவதையும் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டினாள். கோயில் கிழக்கைப் பார்த்தது. கோபுரமும் தேரும் இரண்டு பக்கமும் ஒத்தவை, வித்தியாசம் தெரியவில்லை. வடகிழக்கு மூலையில் வைரவர் கோயிலை வரைந்திருந்தால் அது இடம் மாறி நின்றிருக்கும், கண் பிடித்திருக்கும். அதை வரைய நேரமிருக்கவில்லை. படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பார்த்ததெல்லாம் சில்லு வழுக்குகிறதா என்பதைத்தான்.

பூசை முடிந்து அன்னதான மடத்தில் திரை கட்டினார்கள். தேர்முட்டியிலிருந்து தேர் வெளிப்பட்டதும் சனம் "அரோகரா" என்றது. தங்கமுத்து கைகூப்பினார். தேர் தெற்கு வீதிக்குத் திரும்ப வேண்டும். அது வடக்கு வீதிக்குத் திரும்பியது.

கூப்பிய கைகள் இறங்கின.

"உதென்ன, இடஞ்சுத்துது?" என்றது ஒரு குரல்.

"கொள்ளிக்குடத்தோடையெல்லோ உப்பிடிச் சுத்திறது. பிள்ளை, சுவாமியைச் சுடலைக்கே கொண்டு போறாய்?" என்றார் பின்னாலிருந்த ஒருவர். யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

தங்கமுத்து எழும்பிவிட்டார். தேனுஜன் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினான்.

ஜெயகௌரியின் வாயில் முதலில் வந்தது இதுதான்: "கொம்பியூட்டர் மாத்திப்போட்டுது. ரெண்டு சொப்ட்வெயாரும் ஒத்துவராது."

"ஓம், அது அப்பிடித்தான்," என்று தேனுஜன் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினான். சனமும் தலையாட்டியது. ஒருவரும் அவளைத் திட்டவில்லை. தங்கமுத்து மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"கொம்பியூட்டர் வீதி சுத்தினதே பிள்ளை? நீ வெள்ளிக்கு வெள்ளி சுத்திறனியெல்லோ. அவர் அங்கை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறார்..."

செருப்பைக் கொழுவிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு அவள் மறுபடி கணினியின் முன் இருந்தாள். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். தன் கண்ணால் பார்த்தும் காணாத ஒன்றை மெசின்மேல் போட்டதும், சனம் அதை நம்பியதும் நெஞ்சில் முள்ளாக நின்றன. புரட்டியதை நீக்கினால் கோயில் மேற்கைப் பார்த்தது. வேறு வழி தெரியவில்லை. விடிந்ததும் டினேசுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, புரட்டாதேங்கோ, புரட்டினா வலம் இடமாப் போகும். எல்லாத்தையும் ஒண்டாக் கட்டி அரைவட்டம் திருப்புங்கோ, அவ்வளவு காணும்," என்றான் அவன். "உது படிக்கத் தொடங்கின முதல் கிழமை எல்லாரும் விடுற பிழைதான். என்னட்டைப் படிக்க வாற சின்னப்பிள்ளையளும் விடுறவை."

அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவளுக்குக் காது சுட்டது. கார்ட்டூன் கீறுறவன் என்று தான் சொன்னது அவனுக்கு எட்டியிருக்குமோ என்று நினைத்தபடியே போனை வைத்தாள்.

ஞாயிறு காலை திருத்திய படத்தோடு தங்கமுத்துவின் படலையில் நின்றாள். படத்தை அவர் உடனே பார்க்கவில்லை. முகம் கழுவி, திருநீறு பூசி வந்துதான் போனை வாங்கினார். தேர் தெற்கே திரும்பி, மேற்கு, வடக்கு வீதிகளைச் சுற்றித் தேர்முட்டிக்கு வரும்வரை கண் இமைக்கவில்லை.

"நீயும் வா. நீயே அவருக்குக் காட்டு."

"நான் வரேல்லை மாமி."

"வா எண்டிறன்."

ஆஸ்பத்திரியில் ஆழ்வாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்திருந்து போனை மூக்கோடு வைத்துப் பார்த்தார். தேர் அசைந்தபோது அவருடைய உதடும் அசைந்தது.

"ஆர் செய்தது?"

"எங்கடை ஜெயகௌரி."

"கெட்டிக்காரி. எத்தினை பேருக்குக் காட்டினியள்?"

ஜெயகௌரி ஒரு அடி முன்னுக்கு வந்தாள். "ஐயா, முதல் செய்தது பிழை. நான்தான்..."

"என்ன பிழை?" கிழவர் நிமிர்ந்தார்.

"ஒண்டுமில்லை. நிறம் கொஞ்சம் மாறிப்போச்சாம்," என்றார் தங்கமுத்து. அவளைப் பார்க்கவே இல்லை. "நீங்கள் இன்னொருக்காப் பாருங்கோ."

படம் மறுபடி ஓடியது. தனக்காக ஒருவரைப் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று ஜெயகௌரி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். வெளியே போகவும் முடியவில்லை. கிழவர் ஒவ்வொரு வீதி மூலையிலும் படத்தை நிறுத்தி, அவளைக் கூப்பிட்டு, "நல்லாயிருக்கு பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு தடவையும் "ஓம் ஐயா" என்றாள்.