பஞ்சாரத்துக்குள் வீட்டுச் சேவல்

யுத்த காலத்தில் ஒலக்கூர் ரயில்வே கேட்டில் சைக்கிளோடு காத்திருந்தபோதுதான் அந்தம்மாவைப் பார்த்தேன். கேட்காரர் மனைவி. ஒல்லியான உடம்பு. கோழிக்குத் தீனி போடும்போதும் பச்சைக்கொடி அக்குளிலேயே இருக்கும்.

முந்தின நாள் பட்டாளத்து ரயிலிலிருந்து தப்பிக் குதித்த சேவல் ஒன்று அவர் கோழிகளோடு கேப்பை கொத்திக்கொண்டிருந்தது. வீட்டுச் சேவலோ கவிழ்த்து வைத்த பஞ்சாரக் கூடைக்குள் கிடந்து கத்தியது.

"புதுசைத்தானேம்மா கவுத்து வைப்பாங்க?" என்றேன்.

"அதுவே பயந்துகினு கெடக்குதுங்க. இது நம்மூட்டுது, ரெண்டு நாள் கோவிச்சிக்கினு இருக்கட்டும்."

சிரித்தேன். அந்தம்மா சிரிக்கவில்லை.

"நான் இந்த ஊட்டுக்கு வந்தப்போ என்னைத்தாங்க கவுத்து வெச்சாங்க" என்று சொல்லிவிட்டுக் கொடியோடு தண்டவாளத்துப் பக்கம் போனார்.

அடுத்த வாரம் போனபோது இரண்டு சேவல்களும் ஒன்றாக மேய்ந்தன.