தாலியோடு தொங்கும் சாவி

என் மனைவி கோகிலவாணியின் தாலிச் சங்கிலியில் இரண்டு ஊக்கும் ஒரு பென்டிரைவும் தொங்கும். ஊக்கு எங்கள் ஊர் இண்டூரில் எல்லாப் பெண்களிடமும் இருக்கும். பென்டிரைவ் இவளிடம் மட்டும்தான். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். நான் கட்டிய தாலிக்குப் பக்கத்தில் அதற்கென்ன வேலை என்று முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

நான் பூவரசன், மாட்டுத் தரகன். பல்லைப் பார்த்து மாட்டுக்கு வயது சொல்வேன். கம்ப்யூட்டரைப் பற்றி அவள் சொன்னதுதான் தெரியும். கல்யாணத்துக்கு முன் தருமபுரியில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்துகொண்டிருந்தாள். பழைய எழுத்துருவில் அடித்த தமிழை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் கோழி கிளறிய குப்பை மாதிரி வருமாம். அதைப் படிக்கிற தமிழாக மாற்ற ஒரு நிரல் எழுதினாள். எழுதியவள் கம்மென்று இருக்கக் கூடாதா? யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டாள். பதினோரு வருடமாகிறது. பதிப்பகம், நூலகம், ஆஸ்பத்திரி என்று எங்கெங்கோ அது ஓடுகிறது. எடுத்துக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். திருத்த வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவர்களும் நிலைத்து நிற்கவில்லை.

பென்டிரைவில் இருப்பது ஒரு ரகசியச் சாவி. நிரலில் எதை மாற்றினாலும் அந்தச் சாவியால் முத்திரை வைத்துத்தான் வெளியிடுவாள். முத்திரை சரியாக இருந்தால் அத்தனை கம்ப்யூட்டரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். சாவி கெட்டவன் கைக்குப் போனால் அவன் அனுப்புவதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் கழுத்தில் போட்டிருக்கிறாள். யார் எதை அனுப்பினாலும் வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் சேர்ப்பாள். நிரலில் திருடன் நுழைகிற ஓட்டை இருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். எங்கள் மகள் பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே லேப்டாப்பை விரித்தவள். தன் தங்கை சுசித்ரா கழுத்தில் தாலி ஏறும்போது இவள் லேப்டாப்போடு மண்டபத்துச் சாமான் அறையில் இருந்தாள். அதற்கு என் மாமியார் இன்றைக்கும் என்னைத்தான் ஏசுகிறார்.

போன வருடம் அவளுடைய வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. டம்ளர் நழுவும், பேனா நழுவும். கழுத்து நரம்பு அழுந்துகிறது என்றார் டாக்டர்.

"ஆறு மாசம் கீபோர்டைத் தொடாதீங்கம்மா. தொட்டா இந்தக் கை உங்களுக்கு உதவாது."

தலையாட்டிவிட்டு வந்தாள். வந்த மறுநாளே தொட்டாள். நான் லேப்டாப்பைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். என் வீட்டில் என் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை.

அவளுக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. நீலவானம் என்ற புனைபெயரில் ஒருவர் இரண்டு வருடமாக உதவிக்கொண்டிருந்தார். முகம் தெரியாது, ஊர் தெரியாது. கேட்ட வேலையைக் கேட்ட அன்றே முடித்துக் கொடுப்பார். அவள் கைவலி தெரிந்ததிலிருந்து, "சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுங்கள்" என்று பதமாக எழுதினார். அதே சமயம் புதிதாக நாலு பேர் முளைத்தார்கள். ஏன் தாமதம், முடியாவிட்டால் நீலவானத்திடம் ஒப்படையுங்கள் என்று எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே அவளைத் திட்டினார்கள்.

"குடுத்துடு புள்ள" என்றேன் நான். "அந்தாளு நல்லாத்தான செய்யறாரு? உங்கையவிட அது பெருசா?"

ஒருமுறை இல்லை, ஒரு மாதம் முழுக்கச் சொன்னேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அனுப்பிவிடுவதாக ஒத்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கறவை மாட்டைப் பாப்பாரப்பட்டிக்காரரிடம் தள்ளிவிட்டு வந்தேன். பென்டிரைவ் லேப்டாப்பில் செருகியிருந்தது. தோளில் கிடந்த கயிற்றை எடுத்து ஆணியில் மாட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, மாடு விக்கலீங்களா?"

"வித்தாச்சு."

"அப்பறம் கயிறு?"

"கயித்த எவனாவது குடுப்பானா? வாங்கறவன் புதுக்கயிறு கொண்டாந்து மாத்திக் கட்டி ஓட்டிக்கிட்டுப் போவான். நம்ம கயித்தோட உட்டா கட்டுத்தறி ராசியே அவங்கூடப் போயிருமுல்ல."

அவளுக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் எதையோ புதிதாகக் கேட்டவள் மாதிரி ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்டிரைவை உருவினாள்.

"அவரு எதுக்கு எஞ்சாவியக் கேக்கறாரு? சொந்தமா ஒண்ணு செஞ்சுக்கலாமே. இனிமே இவரு முத்திரைதான்னு நான் எல்லாருக்கும் சொல்லிட்டுப் போறேன்."

அப்படியே எழுதினாள். புதுச் சாவி செய்துகொள்ளுங்கள், ஒரே ஒருமுறை வீடியோவில் முகம் காட்டிப் பேசுங்கள், மறுநாளே பொறுப்பை மாற்றிவிடுகிறேன் என்று. பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. சாவி மாறினால் எல்லோரும் பயந்துவிடுவார்கள், பழையதையே அனுப்புங்கள், வீடியோவெல்லாம் எதற்கு என்று. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த நாலு பேரும் வரிசையாக வந்து திட்டினார்கள். வாங்குபவன் நம் கயிற்றைத்தான் கேட்பேன் என்று அடம்பிடித்தால் அது மாட்டு வியாபாரம் இல்லை என்று எனக்கே உறைத்தது.

நீலவானம் இரண்டு வருடமாக அனுப்பிய அத்தனையையும் முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தாள். விரல் ஒத்துழைக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கீழே நகர்த்தும் பட்டனை அழுத்தினேன். "ம்" என்றால் அழுத்துவேன், "இருங்க" என்றால் நிறுத்துவேன். ஒன்பது நாள் நான் எந்தச் சந்தைக்கும் போகவில்லை. ஒன்பதாம் நாள் "இருங்க" என்றவள் திரையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்த ஒரு மாதிரிக் கோப்பில், சம்பந்தமே இல்லாத நாலு வரி இருந்தது. இப்போதைக்கு அது ஒன்றும் செய்யாது. சாவி கைக்கு வந்தபின் இன்னும் ஒரு வரி சேர்த்தால், அந்த நிரல் ஓடும் எல்லாக் கம்ப்யூட்டருக்குள்ளும் அவன் போய் வரலாம். கை வலித்த ஒரு நாளில், மாதிரிதானே என்று படிக்காமல் சேர்த்திருக்கிறாள். அன்றுதான் நான் அவளைப் பார்த்துப் பயந்தேன். அவள் அழவில்லை. தன் வலது கையை இடது கையால் பிடித்துத் தொடையில் அடித்தாள், திரும்பத் திரும்ப.

அந்த வரிகளை நீக்கிப் புதிதாக வெளியிட்டு, நடந்ததை மறைக்காமல் எழுதினாள். நீலவானம் அன்றே காணாமல் போனார். அந்த நாலு பேரும் அவரோடு போய்விட்டார்கள். எத்தனை பேர் நன்றி சொன்னார்கள் தெரியுமா! எல்லாக் கடிதமும் கடைசியில் ஒன்றையே சொன்னது: இனி உங்களை மட்டும்தான் நம்புவோம்.

எனக்கு அந்தக் கடிதங்களைக் கொளுத்த வேண்டும் போல இருந்தது.

போன வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு தமிழ்ப் பெண், பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள். சொந்தப் பெயர், போட்டோ, வேலை செய்யும் இடம் எல்லாம் கொடுத்திருந்தாள். வீடியோவில் பேசலாம், சொந்தச் சாவி செய்துகொள்கிறேன் என்று அவளாகவே சொல்லியிருந்தாள். கோகிலா மூன்று தடவை படித்துவிட்டு மூடினாள்.

"பேசித்தான் பாரேன் புள்ள. நல்லவளாத் தெரியுது."

"நல்லவளாத்தாங்க இருப்பா. அவனும் அப்படித்தான இருந்தான்."

"அப்ப எப்பத்தான் உடுவ?"

லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புதிதாக ஓர் ஓட்டை என்று காலையில் கடிதம் வந்திருந்தது. அதை அடைத்து, முத்திரை வைத்து அனுப்பினாள். பென்டிரைவை உருவிச் சங்கிலியில் மாட்டப் பார்த்தாள். வளையம் விரலில் நிற்காமல் மூன்று முறை கீழே விழுந்தது. நாலாவது முறை குனிந்து எடுத்து என்னிடம் நீட்டினாள், முந்தானையை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

நான்தான் மாட்டிவிட்டேன்.