கங்கம்மாவின் மூன்றாவது கை

கிழிந்த வலையைப் பின்னுகிறவளுக்கு இரண்டு கை போதாது. இடது கை வலையைப் பிடிக்கும், வலது கை ஊசியை ஓட்டும். முடிச்சை இழுத்து இறுக்குவதும் மிச்ச நூலைக் கடித்துத் துப்புவதும் வாயின் வேலை. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் கங்கம்மா முப்பது வருஷம் அப்படித்தான் பின்னினாள். கத்தியைத் தேடி எடுத்து அறுக்கிற நேரத்தில் அவள் இரண்டு கண்ணி போட்டுவிடுவாள். நைலான் நூல் அவள் மேல்வரிசைப் பல்லில் முதலில் கோடு போட்டது, கோடு பள்ளமானது, ஒரு நாள் பல் பாதியாக உடைந்து வலையிலேயே விழுந்தது. மீதியை ஆஸ்பத்திரியில் பிடுங்கினார்கள். முன்பல்லுக்கு அடுத்த பல் என்பதால் சிரித்தால் ஓட்டைதான் முதலில் தெரியும். கங்கம்மா அதைக் குறையாக நினைக்கவில்லை. பக்கத்துப் பல்லால் கடித்தாள்.

குறையாகப் பட்டது மகனுக்கு. சரவணகுமார் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கூட வேலை செய்கிற சத்யாவைப் பிடித்துப்போய், திருநின்றவூரில் இருந்த அவள் வீட்டாரையும் எப்படியோ சம்மதிக்க வைத்திருந்தான். அவர்கள் கங்கம்மாவை இன்னும் நேரில் பார்த்ததில்லை. பெண்ணின் அப்பா தினமும் ரயிலேறிச் சென்னைக்கு ஆபீஸ் போகிறவர், சொந்தமாக ஃபிளாட் வைத்திருப்பவர். நிச்சயத்துக்கு நாள் குறித்த கையோடு மகன் குப்பத்துக்கு வந்தான்.

"தட்டு மாத்தறப்போ நைனா பக்கத்துல நீதான் நிக்கணும். ஆனா இந்த வாயோட வராத. பல்லு கட்டிக்கினா நீ நில்லு. இல்லன்னா ஈஸ்வரி சித்தி நிக்கட்டும்."

ஈஸ்வரி அவன் சித்தப்பா பொண்டாட்டி. காக்களூரில் குடியிருந்தாள், வாய் நிறைய வரிசையான பல்.

பெற்றது ஒரே பிள்ளை. அவனுக்கு எடுக்கிற தட்டை இன்னொருத்தி தொடுவதா? கங்கம்மா மறுபேச்சில்லாமல் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினாள்.

பல் டாக்டர் மேரி வாயைப் பார்த்துவிட்டு, இடம் குறுகல், சின்ன ஆணிதான் போகும் என்றார். மெல்லிய திருகாணி ஒன்றை எலும்பில் இறக்கி, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மூன்று மாசம் விட்டார். நிச்சயத்துக்கு முந்தின புதன்கிழமை, தொப்பி மாதிரி உள்ளே குடைந்த ஒரு பல்லைக் கொண்டுவந்தார். அட்டையில் இரண்டு பசையைப் பிழிந்து, குச்சியால் குழைத்து, தொப்பிக்குள் தடவி, ஆணியின் தலையில் மாட்டினார். இது தற்காலிகப் பசைதான், ஆணி பாரம் தாங்குகிறதா என்று ஒரு மாசம் பார்த்துவிட்டுக் கெட்டிப் பசை போடுவேன் என்றார். நூல் கடிக்கக் கூடாது. கழன்றால் பயப்படாமல் பல்லை எடுத்துக்கொண்டு வரவேண்டும், தானாக ஒட்டக் கூடாது. கங்கம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

சனிக்கிழமை மத்தியானம் புருஷன் சுப்பிரமணி கிழிந்த வலையைக் கொண்டுவந்து போட்டான். நிச்சயம் முடிந்த மறுநாள் விடியலில் அவனுக்கு அது வேண்டும். கங்கம்மா கத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒழுங்காகத்தான் பின்னினாள். பிறகு கை வேகம் பிடித்தது, வாய் தானாகப் போய் நூலைக் கவ்வியது. பல் கழன்று வலைக்குள் விழுந்தது.

டாக்டருக்குப் போன் அடித்தார்கள், எடுக்கவில்லை. சனிக்கிழமை அரை நாள், இனித் திங்கட்கிழமைதான். நிச்சயம் ஞாயிறு காலை. மகனிடம் சொன்னால் தட்டு ஈஸ்வரிக்குப் போய்விடும்.

சுப்பிரமணி பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அந்தம்மா இன்னா பண்ணிச்சி? ரெண்ட கொழச்சி ஒட்டிச்சி. நம்ம போட்டுக்கு நான் ஒட்டறதில்லியா? அலையே பேக்க முடியாத பசை மே இது."

படகில் ஓட்டை விழுந்தால் ஃபைபர் வைத்து அடைக்கிற ரெசின் பசையைக் கொட்டாங்குச்சியில் ஊற்றினான். சீக்கிரம் இறுகட்டும் என்று அதில் கலக்கிற ஆர்ட்னரைக் கூடுதலாகவே விட்டான். அது கூடினால் கொட்டாங்குச்சியே புகையும் என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் வாயைத் திறந்து காட்டினாள். அவன் பல்லை ஆணியில் மாட்டிக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டான். ஈறில் கொள்ளி வைத்த மாதிரி சூடு ஏறியது. கங்கம்மா தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தபோது பல் கொஞ்சம் சாய்ந்திருந்தது. இருந்தாலும் நின்றது.

விடிந்தபோது மேலுதடு மூக்கு வரை வீங்கியிருந்தது. திருநின்றவூர் மண்டப வாசலில் வேன் நின்றதும் சரவணகுமார் ஓடிவந்து கதவைத் திறந்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்தான். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன் என்று அவள் கையால் காட்டினாள்.

"நீ எறங்காத. அம்மாக்கு ஒடம்பு சரியில்ல, ஊட்ல கீதுன்னு சொல்லிக்கிறேன்."

ஈஸ்வரி பட்டுப்புடவையில் தயாராக நின்றாள். "நான் சும்மா புடிச்சிக்கினு நிக்கப் போறேங்கா. மாமியாரு நீதான," என்று சொல்லிக்கொண்டே கங்கம்மாவின் மடியிலிருந்த தட்டை எடுத்தாள். சுப்பிரமணி யாரையும் பார்க்காமல் அவள் பின்னால் போனான்.

தட்டு மாற்றி முடிந்து பந்தி நடக்கும்போது, பட்டுப்புடவை கட்டிய ஒருத்தி வேனுக்குப் பக்கத்துக் குழாயில் கை கழுவ வந்தாள். ஜன்னலில் இருந்த முகத்தைப் பார்த்து நின்றாள்.

"நீங்க மாப்ள ஊட்டுக்கு இன்னா ஒறவு? நான் பொண்ணோட அம்மா. சாப்பிட வரலியா?"

கங்கம்மா வாயைத் தொட்டுக் காட்டினாள்.

"பல்லு வலியா? எனக்கும் இருந்துச்சி, ரெண்டையும் புடுங்கிப் போட்டேன். யாரு பாக்கப் போறா?" சொல்லிவிட்டு வாய் கொள்ளாமல் சிரித்தாள். மேல்வரிசையில், முன்னாலேயே, இரண்டு ஓட்டை. "சம்மந்தியம்மாவுக்குத்தான் முடியலியாம், பாவம். ஊட்டுக்குப் போனா நான் கேட்டன்னு சொல்லுங்க."

கங்கம்மா சொல்வதாகத் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை மேரி டாக்டரால் பல்லை ஆணியிலிருந்து பிரிக்க முடியவில்லை. ஈறு வெந்து கறுத்திருந்தது. ஆணியோடு சேர்த்துத் திருகித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இனி அந்த எலும்பில் ஆணி நிற்பது சந்தேகம் என்றார். எடுத்ததைக் கங்கம்மா கேட்டு வாங்கிச் சின்னக் கவரில் போட்டுக்கொண்டு வந்தாள்.

வீக்கம் வற்றிய பிறகு மகன் வந்தான். கல்யாணத்துக்கு முன்னால் வேறு டாக்டரைப் பார்க்கலாம், கழற்றி மாட்டுகிற பல்லாவது வைக்கலாம் என்று ஏதேதோ சொன்னான். கங்கம்மா வலையை மடியில் போட்டுக்கொண்டு மிஞ்சியிருந்த பல்லால் நூலைக் கடித்துத் துப்பினாள். பிறகு கவரை எடுத்து நீட்டினாள்.

"இந்தா, நீ கட்டிவச்ச பல்லு. கல்யாணத்தன்னிக்கி அம்மான்னு இத்த குந்த வச்சிக்கோ."

சரவணகுமார் தெருவைத் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. கவரை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.